சதவீதம் தெரியும், வாய்ப்பாடு எது? – வாசகர் கேள்வி பதில்

சதவீத இயைபிலிருந்து (சேர்மத்தின் எடையில் ஒவ்வொரு தனிமமும் எத்தனை சதவீதம் என்பதிலிருந்து) எளிய விகித வாய்ப்பாடு (அணுக்களின் மிகச் சிறிய முழு எண் விகிதம்), மூலக்கூறு வாய்ப்பாடு (ஒரு மூலக்கூறில் உள்ள அணுக்களின் உண்மையான எண்ணிக்கை) காண்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கணக்குகளில் பயன்படுத்திய அணு நிறைகள்: ஹைட்ரஜன் 1.008, கார்பன் 12.01, நைட்ரஜன் 14.01, ஆக்சிஜன் 16.00, பாஸ்பரஸ் 30.97.

வைட்டமின் சி-யில் கார்பன் 40.92, ஹைட்ரஜன் 4.58, ஆக்சிஜன் 54.50 சதவீதம். வகுத்ததில் 1 : 1.33 : 1 வந்தது. 1.33-ஐ 1 ஆக்கி ‘சிஎச்ஓ’ என்று எழுதினேன். மதிப்பெண் போய்விட்டது. எங்கே பிசகு?
– பிளஸ் 1 மாணவி, கோவில்பட்டி

கடைசி அடியில்தான். அதுவரை எல்லாம் சரி. 100 கிராம் பொருள் எடுத்ததாக வைத்துக்கொண்டால் சதவீதங்கள் அப்படியே கிராம் ஆகிவிடும். 40.92-ஐ 12.01-ஆல் வகுத்தால் 3.407 மோல் கார்பன் (மோல் என்பது அணுக்களை எண்ணும் அலகு). 4.58-ஐ 1.008-ஆல் வகுத்தால் 4.544 மோல் ஹைட்ரஜன். 54.50-ஐ 16.00-ஆல் வகுத்தால் 3.406 மோல் ஆக்சிஜன். மூன்றையும் மிகச் சிறியதான 3.406-ஆல் வகுக்க 1.000 : 1.334 : 1 கிடைக்கிறது.

இந்த 1.334-ஐ 1 ஆக்கினால், அளந்த ஹைட்ரஜனில் கால் பங்கு பொய் என்று சொன்னதாக ஆகும். எந்த ஆய்வகமும் அவ்வளவு மோசமாக அளக்காது. தசமம் 0.33 என்றால் அது மூன்றில் ஒன்று. எல்லாவற்றையும் 3-ஆல் பெருக்க வேண்டும். 3 : 4 : 3, அதாவது சி₃எச்₄ஓ₃. இதேபோல 0.5 வந்தால் 2, 0.25 அல்லது 0.75 வந்தால் 4, 0.67 வந்தால் 3, 0.2, 0.4, 0.6, 0.8 வந்தால் 5-ஆல் பெருக்குங்கள். பாஸ்பரஸ் 43.64, ஆக்சிஜன் 56.36 என்ற கணக்கில் 1 : 2.5 வரும், அதை 2 : 5 என்றுதான் எழுத வேண்டும், 1 : 3 என்று அல்ல.

விடையை எழுதியதும் திருப்பிச் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். சிஎச்ஓ சரியென்றால் ஹைட்ரஜன் 3.47 சதவீதம் இருக்க வேண்டும், கொடுத்திருப்பதோ 4.58. அரை நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். சி₃எச்₄ஓ₃-க்குப் போட்டுப் பாருங்கள்: 40.91, 4.58, 54.51 என்று கிட்டத்தட்ட அப்படியே வரும். அதன் நிறை 88.06. வைட்டமின் சி-யின் மோலார் நிறை (ஒரு மோலின் எடை, கிராமில்) 176.12. வகுத்தால் 2. ஆகவே மூலக்கூறு வாய்ப்பாடு சி₆எச்₈ஓ₆.

இடையில் வரும் மோல் மதிப்புகளை 3.4, 4.5 என்று சுருக்காதீர்கள். நான்கு இலக்கம் கடைசிவரை கூடவே வரட்டும். முழுமையாக்குவது ஒரே ஒரு முறை, அதுவும் முடிவில்.

சரி, 1.33 கூடாது. 1.09 வந்தால் 1 என்று எடுக்கலாம்தானே? எங்கள் பயிற்சி மையத்தில் 0.1-க்குள் இருந்தால் விட்டுவிடலாம் என்கிறார்கள்.
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், சேலம்

அந்த விதியைச் சர்க்கரையிடம் காட்டிப் பாருங்கள். சுக்ரோஸில் கார்பன் 42.11, ஹைட்ரஜன் 6.48, ஆக்சிஜன் 51.41 சதவீதம். மோல்கள் 3.506, 6.429, 3.213. ஆக்சிஜனால் வகுத்தால் 1.09 : 2.00 : 1. உங்கள் விதிப்படி இது சிஎச்₂ஓ, அதாவது குளுக்கோஸின் எளிய விகித வாய்ப்பாடு. ஆனால் சிஎச்₂ஓ-வில் கார்பன் 40.00 சதவீதம்தான். 2.1 சதவீத வித்தியாசத்தை அளவீட்டுப் பிழை என்று தள்ள முடியாது. 1.09 என்பது இங்கே 12/11. 11-ஆல் பெருக்கினால் சி₁₂எச்₂₂ஓ₁₁ வந்து நிற்கிறது.

ஆகவே ‘0.1-க்குள்’ போன்ற பொது எல்லை எதுவும் கிடையாது. சதவீதம் எவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்டது என்பதுதான் எல்லை. கரிமச் சேர்மங்களுக்கு ஆய்விதழ்கள் நெடுங்காலமாக ஏற்றுவரும் அளவு ஒவ்வொரு தனிமத்துக்கும் கூட்டியோ குறைத்தோ 0.4 சதவீதம். நீங்கள் எழுதிய வாய்ப்பாட்டிலிருந்து திரும்பக் கணக்கிட்ட சதவீதம் அந்த எல்லைக்குள் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். விகிதத்தில் வரும் தசமத்தை உற்றுப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சி₁₁எச்₂₀ஓ₁₀ என்ற வாய்ப்பாட்டில் கார்பன் 42.31, ஹைட்ரஜன் 6.46. சுக்ரோஸுக்கும் இதற்கும் கார்பனில் 0.2 சதவீதம்தான் வேறுபாடு. சதவீதத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க இயலாது. மோலார் நிறை 342 என்று தெரிந்தால்தான் பிரச்சினை தீரும். ஹைட்ரோகார்பன்களில் இது இன்னும் மோசம்: டெக்கேனில் கார்பன் 84.41, அண்டெக்கேனில் 84.52. மூலக்கூறு பெரிதாகப் பெரிதாகச் சதவீதம் ஊமையாகிவிடும். தேர்வுத்தாளில் இப்படிப்பட்ட கணக்கு வராது என்பதால்தான் ‘0.1 விதி’ பிழைத்துக்கொண்டிருக்கிறது.

ஆக்சிஜனை 16-ஆல் வகுப்பதா, 32-ஆல் வகுப்பதா? வாயுவாக இருக்கும்போது ஓ₂ அல்லவா?
– பத்தாம் வகுப்பு மாணவர், ஆம்பூர்

16. நாம் எண்ணுவது சேர்மத்துக்குள் கட்டுண்டிருக்கும் அணுக்களை. அங்கே ஓ₂ மூலக்கூறு கிடையாது. நைட்ரஜனுக்கும் 14.01 தான், 28 அல்ல. 32-ஆல் வகுத்தால் ஆக்சிஜன் பாதியாகி, வாய்ப்பாட்டில் மற்ற எல்லாம் இரட்டிப்பாகத் தெரியும்.

சி-எச்-என் (கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன்) பகுப்பாய்வு அறிக்கையில் ஆக்சிஜனே இல்லை. 100-இலிருந்து கழித்துப் போட்டால் விகிதம் தாறுமாறாக வருகிறது. கருவி சரியில்லையா?
– எம்.எஸ்சி. மாணவர், காரைக்குடி

கருவி சரியாகவே இருக்கலாம், கழித்தல்தான் சங்கடம். இரண்டு, மூன்று மில்லிகிராம் மாதிரியை வெள்ளீயக் குப்பியில் மடித்து, ஆக்சிஜனில் எரித்து, வெளிவரும் கார்பன் டைஆக்சைடு, நீராவி, நைட்ரஜன் மூன்றையும்தான் அந்தக் கருவி அளக்கிறது. எரிக்க ஆக்சிஜனை நாமே ஊற்றுகிறோம். மாதிரியில் இருந்த ஆக்சிஜன் எது, நாம் விட்டது எது என்று அதற்குத் தெரியாது. ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1831-இல் வெளியிட்ட, கார்பன் டைஆக்சைடைப் பிடித்து எடைபோடும் பொட்டாஷ் குமிழ்க் கருவியிலும் இதே நிலைமைதான்.

தூய கற்பூரம் 0.1000 கிராம் எரித்ததாக வைத்துக்கொள்வோம். கார்பன் டைஆக்சைடு 0.2891 கிராம், நீர் 0.0947 கிராம் கிடைக்கும். கார்பன் = 0.2891 × 12.01 ÷ 44.01 = 0.07889 கிராம். ஹைட்ரஜன் = 0.0947 × 2.016 ÷ 18.02 = 0.01059 கிராம். (இங்கே 1.008 போட்டுவிடாதீர்கள், ஒரு நீர் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன்.) மீதி 0.01052 கிராம் ஆக்சிஜன். மோல் விகிதம் 10 : 16 : 1. கற்பூரம் சி₁₀எச்₁₆ஓ.

இப்போது கார்பன் டைஆக்சைடில் 1.1 மில்லிகிராம் மட்டும் நழுவி, 0.2880 கிராம் என்று பதிவானதாகப் பாருங்கள். கார்பன் 78.9-இலிருந்து 78.6 சதவீதமாக இறங்கும், 0.4 எல்லைக்குள்தான். ஆனால் தொலைந்த கார்பனின் எடை அப்படியே ஆக்சிஜன் கணக்கில் ஏறிவிடுகிறது. அந்த வீங்கிய ஆக்சிஜனால் மற்றவற்றை வகுத்தால் 9.7 : 15.5 : 1. தாறுமாறு இப்படித்தான் பிறக்கிறது. எல்லாப் பிழையும் ஆக்சிஜன் தலையில் விழுகிறது. பல சேர்மங்களில் மிகச் சிறிய எண்ணும் அதுவே.

எனவே முதலில் நேரடியாக அளந்த இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள். இந்தக் குறையுள்ள அளவீட்டிலும் கார்பன்–ஹைட்ரஜன் விகிதம் 0.623, 10/16 என்பது 0.625. இது அசையவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனுக்கு 1, 2 என்று போட்டு, எந்த வாய்ப்பாட்டின் சதவீதம் பொருந்துகிறது என்று பாருங்கள்.

கார்பன் குறைந்து, ஹைட்ரஜன் கூடியிருந்தால் மாதிரியில் ஈரம் என்று சந்தேகப்படுங்கள். வெற்றிடத்தில் உலர்த்தி மறுபடி அனுப்புவதுதான் முறை. ‘0.37 நீர் மூலக்கூறு’ என்று வாய்ப்பாட்டில் ஒட்டவைத்துச் சதவீதத்தைச் சரிக்கட்டும் வழக்கம் ஆய்வுக் கட்டுரைகளில் உண்டு. நீர் இருப்பதற்கு வேறு ஆதாரம் இல்லாவிட்டால் அது கணக்கை வளைப்பதுதான். சேர்மத்தில் கந்தகமோ குளோரினோ இருந்தால் அதைத் தனியாக அளந்த பிறகே கழியுங்கள். இல்லையென்றால் அதுவும் ஆக்சிஜன் வேடம் போட்டு வந்து நிற்கும்.

மயில்துத்தத்தை (நீரேறிய காப்பர் சல்பேட் படிகம்) சூடாக்கி நீர் மூலக்கூறுகளை எண்ணும் செய்முறையில் மாணவர்களுக்கு 5 வருவதில்லை. பெரும்பாலும் 3.5, 3.6. சிலருக்கு 5.5. என்ன செய்வது?
– ஆய்வக உதவியாளர், தஞ்சாவூர்

3.6 ஒன்றும் தற்செயல் அல்ல. மயில்துத்தத்தின் ஐந்து நீரும் ஒரே வீச்சில் போவதில்லை. நான்கு எளிதில் போகும். ஐந்தாவது சுமார் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் கிளம்பும். நான்கு போனதுமே நீலம் கிட்டத்தட்ட வெளுத்துவிடும். வெளுத்தது போதும் என்று அடுப்பை அணைத்தால் கையில் இருப்பது ஒரு நீர் ஒட்டிய உப்பு. 2.50 கிராம் எடுத்திருந்தால் மீதி 1.78 கிராம் இருக்கும். அதை நீரற்ற காப்பர் சல்பேட் என்று நினைத்துக் கணக்கிட்டால்: 1.78 ÷ 159.6 = 0.01115, போன நீர் 0.72 ÷ 18.02 = 0.0400; விகிதம் 3.58.

முழுக்கப் போயிருந்தால் மீதி 1.60 கிராம், நீர் 0.90 கிராம். 0.01003-க்கு 0.0499, விகிதம் 4.98. நிறத்தை நம்ப வேண்டாம், எடையை நம்புங்கள். சூடாக்கி, ஆறவைத்து, எடை பார்த்து, மறுபடி ஐந்து நிமிடம் சூடாக்கி எடை பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றானால்தான் முடிந்தது. ஆறவைப்பது டெசிகேட்டருக்குள் (ஈரம் புகாத உலர்கலம்) நடக்கட்டும்; நீரற்ற உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து மெல்ல நீலம் பாய்ந்துவிடும்.

5.5 வருவதற்கு இரண்டு காரணம். ஒன்று, தொடக்கத்திலேயே சுடரை ஏற்றியதில் படிகம் தெறித்து வெளியே போயிருக்கும். தொலைந்த உப்பும் நீர்க் கணக்கில் சேர்ந்துவிடும். குரூசிபிள் மூடியைச் சற்றே விலக்கி வைத்து, சிறு சுடரில் தொடங்குங்கள். இரண்டு, அளவுக்கு மீறிச் சுட்டதில் சல்பேட்டே சிதைந்து கந்தக ஆக்சைடு வெளியேறியிருக்கும். குரூசிபிளின் அடியில் கறுப்பு தட்டியிருந்தால் அதுதான், காப்பர் ஆக்சைடு. அந்த மாதிரியைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நல்லது.

தராசையும் கவனியுங்கள். 2.50 கிராம் மாதிரியில் நீரின் எடை 0.02 கிராம் கூடினாலே விடை 5.16-க்குப் போய்விடும். இரண்டு தசமத் தராசு மட்டும் இருந்தால் மாதிரியை 5 கிராமாக்குங்கள்.

காபன் 40.0, ஐதரசன் 6.7, ஒட்சிசன் 53.3 வீதம் கொண்ட சேர்வையின் அனுபவச் சூத்திரம் கண்டேன். அடுத்து மூலக்கூற்றுத் திணிவு எங்கிருந்து வரும்? அதை வகுத்து 1.9 வந்தால் 2 எனக் கொள்ளலாமா?
– உயர்தர மாணவர், யாழ்ப்பாணம்

நீங்கள் அனுபவச் சூத்திரம் என்பது இங்கே சொல்லும் எளிய விகித வாய்ப்பாடு, மூலக்கூற்றுத் திணிவு என்பது மோலார் நிறை. சதவீதத்திலிருந்து அது ஒருக்காலும் வராது. தனியே அளக்க வேண்டும். நீங்கள் கண்ட சிஎச்₂ஓ ஒரு பெருங்குடும்பம். நிறை 30 என்றால் பார்மால்டிஹைடு, 60 என்றால் அசிட்டிக் அமிலம், 90 என்றால் தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமிலம், 180 என்றால் குளுக்கோஸ். நான்கிலும் சதவீதம் ஒன்றே.

1.9-ஐ 2 எனக் கொள்ளலாம், தாராளமாக. முதல் கேள்வியில் அவ்வளவு கறாராக இருந்துவிட்டு இங்கே ஏன் தளர்வு என்று கேட்பீர்கள். இங்கே விடை முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும். 1-க்கும் 2-க்கும் நடுவே வேறு வாய்ப்பே இல்லை. அதனால் மோலார் நிறையில் 10 சதவீதப் பிழை இருந்தாலும் தாங்கும். உருகிய கற்பூரத்தில் பொருளைக் கரைத்து, உறைநிலை எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் ராஸ்ட் முறை இப்படிப்பட்ட தோராயத்தில்தான் வாழ்ந்தது. உறைநிலை எவ்வளவு இறங்கும் என்பதைக் காட்டும் உறைநிலைத் தாழ்வு மாறிலி நீருக்கு 1.86, கற்பூரத்துக்குச் சுமார் 40. 100 மில்லிகிராம் கற்பூரத்தில் 10 மில்லிகிராம் நாப்தலீன் கலந்தால் 31 டிகிரி இறங்கும். சாதாரண வெப்பமானியே போதும். நிறை 129 என்று வரும். எளிய விகித வாய்ப்பாடான சி₅எச்₄-இன் நிறை 64. ஆகவே சி₁₀எச்₈.

ஆனால் 1.5 வந்தால் மேலோ கீழோ தள்ளாதீர்கள். ஒன்று எளிய விகித வாய்ப்பாடு தப்பு, அல்லது மூலக்கூறுகள் கரைசலிலோ ஆவியிலோ ஜோடி சேர்ந்திருக்கின்றன. அசிட்டிக் அமிலம் இதில் பேர்போனது. பென்சீனில் உறைநிலைத் தாழ்வு முறையில் அளந்தால் 120-ஐ ஒட்டி வரும். கொதிநிலையை ஒட்டிய ஆவியிலும் 60-ஐத் தாண்டி நிற்கும். தண்ணீரில் கரைத்துப் பாருங்கள், 60-க்கு அருகில் இறங்கிவிடும்.

டிஏபி மூட்டையில் 18-46-0 என்று இருக்கிறது. நைட்ரஜன் 18, பாஸ்பரஸ் 46 என்று வைத்து வாய்ப்பாடு போட்டால் உருப்படியாக எதுவும் வரவில்லையே?
– விவசாயி, மன்னார்குடி

46 என்பது பாஸ்பரஸ் அல்ல. பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்ட அளவு. மூட்டைக்குள் அந்த ஆக்சைடு ஒரு துளிகூட இல்லை, உரத்துறையில் எழுதும் மரபு அப்படி. பாஸ்பரஸ் வேண்டுமென்றால் 0.436-ஆல் பெருக்குங்கள்: 20.1 சதவீதம். இப்போது 18 ÷ 14.01 = 1.285, 20.1 ÷ 30.97 = 0.649. விகிதம் 1.98 : 1. ஒரு பாஸ்பரஸுக்கு இரண்டு நைட்ரஜன். டைஅம்மோனியம் பாஸ்பேட் என்ற பெயருக்குப் பொருத்தமாகவே வருகிறது. தூய உப்பில் நைட்ரஜன் 21.2 சதவீதம் இருக்கும். மூட்டையில் ஈரமும் பிற உப்புகளும் சேர்ந்திருப்பதால் 18.

பொட்டாஷிலும் இதே கதை: 60 என்று போட்டிருந்தால் அது பொட்டாசியம் ஆக்சைடு கணக்கு, 0.83-ஆல் பெருக்கினால் பொட்டாசியம் 49.8. நைட்ரஜனுக்கு மட்டும் இந்த மாற்றல் வேண்டாம். யூரியாவின் 46 நேரான நைட்ரஜன் சதவீதம். தூய யூரியாவில் 46.65.

காபீன்: கார்பன் 49.48, ஹைட்ரஜன் 5.19, நைட்ரஜன் 28.85, ஆக்சிஜன் 16.48. சி₄எச்₅என்₂ஓ வந்தது. மோலார் நிறை தரப்படவில்லை. இதையே விடையாக எழுதலாமா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

எளிய விகித வாய்ப்பாடாக எழுதலாம். மூலக்கூறாக அது நிற்காது என்பதை மோலார் நிறை இல்லாமலே சொல்லிவிடலாம். ஓர் அணு போடும் பிணைப்பைக் கை என்று வைத்துக்கொள்வோம்: கார்பன் நான்கு கை, ஆக்சிஜன் இரண்டு கை, நைட்ரஜன் மூன்று, ஹைட்ரஜன் ஒன்று. எல்லாக் கைகளும் ஜோடி சேர வேண்டுமென்றால் ஹைட்ரஜன், நைட்ரஜன் இரண்டின் கூட்டுத்தொகை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். (குளோரின், புரோமின் இருந்தால் ஹைட்ரஜனோடு சேர்த்து எண்ணுங்கள்.) இங்கே 5 + 2 = 7. ஒரு கை தனியே தொங்குகிறது. ஆகவே குறைந்தது இரட்டிப்பாக்க வேண்டும்: சி₈எச்₁₀என்₄ஓ₂, நிறை 194.2. காபீன் அதுதான்.

மூலக்கூறின் நிறையை உச்சங்களாகக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரம் கையில் இருந்தால் ஓர் எச்சரிக்கை. கரைசலைத் தெளித்து மின்னேற்றும் எலக்ட்ரோஸ்ப்ரே முறையில் காபீனுக்கு 195 என்ற உச்சம் தெரியும். அது மூலக்கூறோடு ஒரு புரோட்டான் ஒட்டியது. குளுக்கோஸ் பெரும்பாலும் சோடியத்தை ஒட்டிக்கொண்டு 203-இல் நிற்கும். அதை அப்படியே 30-ஆல் வகுத்தால் 6.8 வந்து 7 என்று எழுதத் தோன்றும். குளோரின் உள்ள சேர்மத்தில் ஒரே மூலக்கூறு பல உச்சங்களாகப் பிரியும்: குளோரோபார்மின் சராசரி நிறை 119.4, ஆனால் அந்த இடத்தில் மூலக்கூறு உச்சம் எதுவும் இருக்காது. 118, 120, 122 என்றுதான் எதிர்பார்க்க வேண்டும்.

சோடியம் குளோரைடுக்கு மூலக்கூறு வாய்ப்பாடு என்ன?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், திண்டுக்கல்

கிடையாது. படிகத்தில் தனி மூலக்கூறு இல்லை. 1 : 1 என்ற விகிதம் மட்டும்தான்.

மூலக்கூறு வாய்ப்பாடும் கிடைத்துவிட்டால் பொருள் எதுவென்று தெரிந்துவிட்டது என்று சொல்லலாமா?
– வேதியியல் ஆசிரியை, ஈரோடு

சொல்ல முடியாது. கார்பன் 52.14, ஹைட்ரஜன் 13.13, ஆக்சிஜன் 34.73, மோலார் நிறை 46.07. கணக்குப் போட்டால் சி₂எச்₆ஓ. இது 78 டிகிரியில் கொதிக்கும் எத்தனாலாகவும் இருக்கலாம், மைனஸ் 24 டிகிரியிலேயே கொதித்துப்போகும் டைமெத்தில் ஈத்தராகவும் இருக்கலாம். அறை வெப்பத்தில் குப்பியில் திரவமாக நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் எத்தனால்.